ஏபிஎஸ் விளக்கு எரிகிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

பிரேக் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. மழை தொடங்கியதும், பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்ளாதபடி காக்கும் ஏபிஎஸ் பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணே, மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு அணையவே இல்லை. நாளைக்குக் குடும்பத்தோடு கொடைக்கானல் போகணும். வண்டியை எடுக்கலாமா? (மதுரை)

பக்கத்தில் சிவப்பு பிரேக் விளக்கும் எரிகிறதா, தம்பி? மஞ்சள் மட்டும் என்றால் வழக்கமான பிரேக் பிடிக்கும். அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற வேலைதான் நின்றிருக்கிறது. ஈரச் சாலையில் சக்கரம் பூட்டிவிட்டால், ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் வழுக்கும். மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை ஓட்டலாம். மலை ஏற நான் சரி சொல்ல மாட்டேன்.

சிவப்பும் சேர்ந்து எரிந்தால் ஹேண்ட் பிரேக்கையும் பிரேக் ஆயில் அளவையும் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தாலோ, இரண்டும் சரியாக இருந்தும் விளக்கு அணையாவிட்டாலோ வண்டியை நகர்த்தாதீர்கள். முன், பின் பிரேக் விசையைப் பங்கிடும் இபிடியும் நின்றிருக்கலாம். அப்போது பின்சக்கரம் முதலில் பூட்டி வண்டி சுற்றிவிடும்.

ஏபிஎஸ் யூனிட்டே போச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. நம்பலாமா சார்? (சேலம்)

ஸ்கேனர் கருவியில் என்ன கோளாறு எண் (கோட்) வந்தது என்று கேளுங்கள். சி0035 என்றால் இடது முன்சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாரின் சர்க்யூட். கோட் சொல்வது கோளாறு இருக்கும் பாதையை மட்டுமே. அந்தப் பாதையில் ஒயர், கனெக்டர், பல்வளையம் (சக்கரத்தோடு சுற்றும் வளையம், இதன் பற்களைத்தான் சென்சார் எண்ணும்), வீல் பேரிங் எல்லாம் உண்டு. போன மாதம் இதே பேச்சோடு ஒரு வண்டி வந்தது. சென்சாரைக் கழற்றினால், முனையில் இருக்கும் காந்தத்தில் இரும்புத்தூள் பூனை மீசை மாதிரி சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. துணியால் துடைத்து மாட்டி, கோளாறு எண்ணை அழித்தேன். விளக்கு போய்விட்டது. எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது, எலி கடித்த ஒயரும் நிறைய வருகிறது. ஆனால் யூனிட் என்பது கடைசிச் சந்தேகம்தான்.

ஆன்லைனில் வாங்கிய ப்ளூடூத் ஸ்கேனர் ‘கோளாறு இல்லை’ என்கிறதே?

அந்த மலிவு ரகங்களில் பெரும்பாலானவை எஞ்சினை மட்டும்தான் படிக்கும். ஏபிஎஸ் மாட்யூலோடு பேசத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும்.

மழையில் திடீரென்று பிரேக் அடித்தேன். பெடல் காலில் உதறியது, பயந்து காலை எடுத்துவிட்டேன். விளக்கு எரியவில்லை. (சென்னை)

அது கோளாறு இல்லைம்மா, ஏபிஎஸ் வேலை செய்ததுதான். வால்வுகள் நொடிக்குப் பல முறை திறந்து மூடுகிற அதிர்வு அது. அடுத்த முறை காலை எடுக்காமல் முழுசாக மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். காய்ந்த சாலையில், சிக்னலில் மெதுவாக நிற்கும்போதும் ‘கரகர’ என்று உதறினால்தான் சந்தேகம். பல்வளையம் விரிசல் விட்டிருக்கலாம். இதில் விளக்கு எரியாமலே இருப்பதும் உண்டு.

வீல் பேரிங் மாற்றிய அன்றிலிருந்து விளக்கு எரிகிறது.

திருப்பிப் போட்டிருப்பார்கள்! இப்போதைய பேரிங் பலவற்றில் ஒரு பக்கம் காந்தப் பட்டை இருக்கும், அது சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். போட்டவரிடமே வண்டியைக் கொண்டுபோய் விடுங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறேன். ஏபிஎஸ் விளக்கு எரியவே இல்லை, நல்லதுதானே?

சாவியைப் போட்டதும் எரிந்து, சில நொடியில் அணைந்தால் நல்லது. அப்போதும் எரியவில்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம், ஒயரை வெட்டியிருக்கலாம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார் என்றால் ஏபிஎஸ் கட்டாயம் இருந்தாக வேண்டும். அதற்கு முந்தைய வண்டியில், விலை குறைந்த மாடலாக இருந்தால் ஏபிஎஸ்ஸே இல்லாமலும் இருக்கும். பானெட்டைத் திறந்து, பிரேக் பைப்புகள் கொத்தாகப் போய்ச் சேரும் அலுமினியக் கட்டி, அதாவது ஏபிஎஸ் யூனிட், இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.