பழந்துணியில் தைத்த முகங்கள்

கேள்வி: வெனிஸ் கண்காட்சியில் ஒரு ரோமா பெண் மண்டபம் முழுக்கத் துணிப்படங்களால் நிறைத்தாராமே? ஐரோப்பாவில் ரோமா இனத்தார் ஒதுக்கப்பட்டதற்கு அது எப்படிப் பதிலாகும்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: இத்தாலியின் வெனிஸில் நடக்கும் சர்வதேசக் கலைக் கண்காட்சியான பியன்னாலேயில், 2022இல் போலந்து அரங்கை நிறைத்த மவ்கோஷாட்டா மிர்கா-டாஸின் வேலை அது. அங்கே ஒரு நாட்டின் அரங்குக்குத் தேர்வான முதல் ரோமா கலைஞர் அவர். ஆண்டின் ஒவ்வொரு மாதத்தையும் காட்ட ஒன்றாக, துணித்துண்டுகளைத் தைத்த 12 பெரிய படங்கள். இத்தாலியில் ஃபெராரா ஊரின் ஸ்கிஃபனோயா அரண்மனையில் உள்ள 15ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களைப் போலவே ஒவ்வொன்றிலும் மூன்று அடுக்கு.

மேலடுக்கைக் கவனியுங்கள். 17ஆம் நூற்றாண்டில் ஜாக் காலோ என்ற பிரெஞ்சுக் கலைஞர், ரோமா மக்களைக் கந்தலோடு அலையும் கூட்டமாக அச்சுப்படங்களில் காட்டினார். மிர்கா-டாஸ் அதே உருவங்களை எடுத்து, கறுப்பு வெள்ளைக் கோடுகளுக்குப் பூப்போட்ட துணி உடுத்தினார். நடுவே ராசிகளோடு ரோமாப் பெண்கள். கீழே மிர்கா-டாஸ் வாழும் போலந்துக் கிராமமான சார்னா கூராவின் அன்றாடம். துணியெல்லாம் உறவினரும் நண்பர்களும் கொடுத்த பாவாடை, சட்டை, திரைச்சீலை. படத்தில் இருப்பவர் உடுத்திய துணியே பல இடங்களில் அவர் உருவத்தின்மேல் ஏறியிருக்கிறது. யாரோ தூரத்தில் நின்று வரைந்த படத்தில் அந்தப் பாவாடைத் துண்டு வந்திருக்காது.

கேள்வி: பள்ளி மாணவர்களை வைத்து இப்படி ஒன்று செய்ய முடியுமா?
- ஆசிரியர், தேனி

பதில்: தாராளமாக. ஆனால் 'ஜிப்ஸி' உடை, வண்டி என்று கற்பனையில் தைக்க வேண்டாம். காலோ செய்ததும் அதுதான். ரோமா மக்களைப் பிறர் அழைக்கும் 'ஜிப்ஸி' என்ற பெயர் அவர்களில் பலருக்கு வசைச்சொல். ரோமா என்றே எழுதுங்கள். உங்கள் ஊரில் ஒதுக்கப்படும் ஒருவரிடம் சம்மதம் கேட்டு, அவர் தரும் துணியில் அவரைத் தையுங்கள்.

3 அடிக்கு 4 அடி மரச்சட்டம் போதும். காடாத் துணியை நான்கு பக்கமும் 3 அங்குலம் கூடுதலாக எடுத்து, முதலில் நனைத்துக் காயவையுங்கள். காடா முதல் நனைப்பிலேயே சுருங்கும். தைத்தபின் நனைந்தால் படமே சுருங்கிப்போகும். பழந்துணியை ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஏறினால் தனியே அலசுங்கள். அப்போதும் விட்டால் முகத்தருகே வைக்காதீர்கள். பனியன் துணி இழுபடும், அதனால் அடியில் இஸ்திரியில் ஒட்டும் கேன்வாஸ் கொடுங்கள். நூல் பிரியும் துணிக்கு கால் அங்குலம் விட்டு வெட்டி, ஓரத்தை மடித்துத் தையுங்கள்.

பின்னணி, உடல், கை, கடைசியில் முகம். ஒவ்வொன்றையும் குண்டூசி குத்தி, கச்சாத் தையல் போட்டபின் நிரந்தரத் தையல். மடியில் வைத்துத் தைத்தால் அடித்துணி சுருங்கி உருவம் புடைக்கும்; மேசையில் விரித்தே தையுங்கள். முகத்துக்கு அக்ரிலிக் வண்ணம் என்றால் தைத்தபிறகு மெல்லியதாக. தடிமனாகப் பூசினால் துணி விறைத்து, பிறகு திருத்தித் தைக்க ஊசி இறங்காது. சட்டத்தில் ஆணி அடிக்கும்போது ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலிருந்து தொடங்கி மூலைகளைக் கடைசியாக முடியுங்கள். மூலையில் தொடங்கினால் முகம் கோணும்.

கேள்வி: நாஜிகள் கொன்ற ரோமா மக்களுக்கு நினைவிடம் உண்டா?
- வாசகர், சேலம்

பதில்: பெர்லினில், ஜெர்மன் நாடாளுமன்றத்துக்கு அருகே இருக்கிறது. இஸ்ரேலியச் சிற்பி டானி காரவான் வடிவமைத்தது, 2012 அக்டோபர் 24 அன்று திறந்தார்கள். வட்டமான கறுப்பு நீர்க்குளம். நடுவில் முக்கோணக் கல். முகாம்களில் கைதிகளின் உடையில் தைத்த முக்கோணத்தை அது நினைவூட்டுகிறது. அந்தக் கல் தினமும் நீருக்குள் இறங்கி, புதுப்பூ ஒன்றைத் தாங்கி மேலே வருகிறது.