வரிசை எண் 212

கேள்வி: வணக்கம் அம்மா. சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில்லில் இருக்கிறேன். வயது 52. 1997இல் மென்பொருள் வேலைக்கு இங்கே வந்தபோது, அலுவலகத்தில் யாரைப் பார்த்தாலும் கப்ஸ் பேஸ்பால் அணியைப் பற்றித்தான் பேச்சு. நாமும் பேச்சில் கலந்துகொள்ளலாமே என்று பார்க்க ஆரம்பித்தேன், பிடித்துக்கொண்டது. 1998இல் இருந்து ஆட்டங்களைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். கெர்ரி வுட் ஒரே ஆட்டத்தில் 20 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தது, சாமி சோசா 66 ஹோம் ரன் அடித்த சீசன், 2016இல் கோப்பையை வென்றது என்று மொத்தம் 240 ஒளிப்பதிவுகள். அவை போக ஜெர்சிகள், கையெழுத்துப் போட்ட பந்துகள், டிக்கெட்டுகள், தலையாட்டி பொம்மைகள். பேஸ்மென்ட்டில் இதற்கென்றே ஓர் அறை. பட்டியலை இணைத்திருக்கிறேன். மனைவி ஒன்றும் சொல்வதில்லை. ஒரே மகன், 17 வயது, ஆகஸ்டில் கல்லூரிக்குப் போகிறான். அவனுக்கு இதில் துளியும் ஆர்வம் இல்லை. ‘இதெல்லாம் யூடியூபிலேயே இருக்கே’ என்கிறான். பாடகர் பிங் கிராஸ்பி வீட்டில் கிடைத்த படச்சுருள் மாதிரி இதுவும் ஒருநாள் பொக்கிஷம் ஆகலாம். இதன் அருமையை அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? எனக்குப் பிறகு அவன் பெயருக்கே எழுதிவைக்கலாமா, இல்லை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாமா?
— பெயர் வேண்டாம், நேப்பர்வில்

பதில்: தம்பி, கடிதம் ஒன்றரைப் பக்கம், பட்டியல் பதினோரு பக்கம். கடிதத்தை ஒரு தடவை படித்தேன். பட்டியலை மூன்று தடவை.

பட்டியல் நன்றாகத்தான் இருக்கிறது. வரிசை எண், தேதி, எதிரணி, ஸ்கோர், எதில் பதிவு, கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ‘மழை’, ‘ஒலி சரியில்லை’, ‘டேப் பாதியில் தீர்ந்தது’. மேய்ந்துகொண்டே வந்தவள் 212இல் நின்றுவிட்டேன். 2016 நவம்பர் 2, கிளீவ்லாந்து, 8-7, ஹார்ட் டிஸ்க். குறிப்பு: ‘தனியாகப் பார்த்தது, ஹெட்ஃபோனில். பையனுக்கு மறுநாள் ஸ்கூல்.’

கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

பேஸ்பால் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கப்ஸ் அதற்கு முன்னால் கோப்பை வென்றது 1908இல். நடுவில் 108 வருஷம். (நமக்கு 108 என்றால் அர்ச்சனை. பேஸ்பால் பந்திலும் 108 இரட்டைத் தையல் போடுகிறார்கள்.) ஏழு ஆட்டத் தொடரில் 1-3 என்று பின்தங்கி, சமன் செய்து, கடைசி ஆட்டத்தில் 6-3 என்று முன்னால் போய், எட்டாவது இன்னிங்ஸில் 6-6 ஆகி, ஓர் ஆட்டத்துக்கு உரிய ஒன்பது இன்னிங்ஸும் முடிந்து, அந்த நேரம் பார்த்து மழை. 17 நிமிஷம் ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஜேசன் ஹேவர்ட் என்ற ஆட்டக்காரர் சகாக்களை ஓர் அறைக்குள் கூட்டி வைத்துப் பேசினார். திரும்பி வந்து பத்தாவது இன்னிங்ஸில் இரண்டு ரன் எடுத்தார்கள், ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள், ஜெயித்தார்கள். சிகாகோ நேரப்படி கிட்டத்தட்ட நள்ளிரவு.

அந்த 17 நிமிஷம் நீங்கள் என்ன செய்தீர்கள் தம்பி? உங்களுக்கு மழை ஓய்கிறதா என்று பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பேஸ்மென்ட்டிலிருந்து மாடிக்கு எத்தனை படி? எட்டு வயதுப் பையன், தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம். நீங்கள் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள், சத்தம் கேட்டு யாரும் எழுந்துவிடக் கூடாது என்று.

மறுநாள் ஸ்கூலாம். மூன்றாம் வகுப்பு. ஒருநாள் தூங்கி வழிந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? உங்கள் ஊரில் மறுநாள் காலை எத்தனை பிள்ளைகள் கண் சிவந்து பள்ளிக்கு வந்திருக்கும், அவர்களுக்குப் பாடம் எடுத்த டீச்சரே தூங்கியிருப்பாரா என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் பையன் ஒருவன்தான் நன்றாகத் தூங்கி எழுந்து, என்ன நடந்தது என்று மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பான். இப்போது பதினேழு வயதில் அவனுக்கு ஆர்வம் இல்லை என்று எனக்குக் கடிதம்.

சண்டை போடவில்லை, ஆனால் ஒன்றைச் சொல்கிறேன். 1983 ஜூன் 25 ராத்திரி எங்கள் வீட்டுக்காரர் நாலு வயதுப் பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, தோளில் போட்டுக்கொண்டு மாடி வீட்டுக்கு ரேடியோ கேட்கப் போனார். வெஸ்ட் இண்டீஸ் 140க்கு ஆல் அவுட். தூங்குகிற பிள்ளையை எழுப்பியதற்கு அவரை நான் திட்டிய திட்டு தெருவுக்கே கேட்டிருக்கும். அந்தப் பிள்ளைக்கு இன்று தலை நரைத்துவிட்டது. கபில்தேவ், கோப்பை எதுவும் அவனுக்கு ஞாபகமில்லை. அப்பாவின் பனியன் ஈரமாக இருந்தது என்கிறான். அவ்வளவுதான். அவர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, அந்த ஈரத்தைப் பற்றி இன்னும் பேசுகிறான். நான் அன்று திட்டியது தப்பு.

சரி, உங்கள் பட்டியலுக்கே வருவோம். வரிசை எண் 97. 2003 அக்டோபர் 14, ஃபுளோரிடா. குறிப்பு: ‘அப்பாவுடன் (அமரர்) பார்த்தது. எட்டாவது இன்னிங்ஸில் தூங்கிவிட்டார்.’ கப்ஸ் 3-0 என்று முன்னால் இருந்து, இன்னும் ஐந்து அவுட் எடுத்தால் கோப்பைக்கான இறுதித் தொடரான உலகத் தொடருக்குள் நுழையலாம் என்ற இடத்தில், ஒரு ரசிகர் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட, அந்த இன்னிங்ஸிலேயே எட்டு ரன் கொடுத்து மண்ணைக் கவ்வினார்களே, அந்த ஆட்டம். (அந்தப் பந்தை ஏலத்தில் 1,13,000 டாலருக்கு மேல் கொடுத்து எடுத்த ஓர் உணவகம், 2004 பிப்ரவரியில் ஊரே பார்க்க வெடிவைத்துத் தகர்த்தது. நினைவுப் பொருளை என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள்.)

ஒரு எழவும் புரியாத ஆட்டத்தை, எட்டாவது இன்னிங்ஸ் வரை, கண்ணை இழுத்துக்கொண்டு போனாலும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் உங்கள் அப்பா. அவர் பேஸ்பாலுக்காகவா உட்கார்ந்தார்? ஊரிலிருந்து அவ்வளவு தூரம் வந்த மனுஷர், மகன் எதைப் பார்க்கிறானோ அதைத் தானும் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறார். அதை நீங்களும் கவனித்துக் குறித்து வைத்திருக்கிறீர்கள். அந்த டேப்பைப் போட்டுப் பார்த்தால் அவர் இருப்பாரா? விசிஆர் கேபிளில் வந்ததைத்தான் பிடிக்கும்; சோபாவில் இருந்ததைப் பிடிக்காது. குறட்டைகூட அதில் விழுந்திருக்காது.

அப்புறம் பொருள்கள் பக்கத்தில் ஒன்று: ‘ரிக்ளி ஃபீல்ட் சாக்பீஸ் சுவர், புகைப்படம், சட்டத்துடன்.’ இதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. 2016இல் கப்ஸின் சொந்த ஊர் மைதானமான அதன் செங்கல் சுவர் முழுக்க ஜனங்கள் சாக்பீஸால் பெயர் எழுதினார்கள். ஆட்டக்காரர்களின் பெயரோடு, இந்த நாளைப் பார்க்காமலே செத்துப்போன அப்பா, தாத்தா, பாட்டி பெயர்களையும். வட கரோலினாவிலிருந்து ஒரு மகன் இந்தியானாவுக்குக் கார் ஓட்டிப் போய், அப்பாவுடைய கல்லறைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கடைசி ஆட்டத்தை ரேடியோவில் கேட்டார். கப்ஸ் இறுதித் தொடருக்கு வந்தால் சேர்ந்து கேட்பது என்று அப்பாவும் பிள்ளையும் பேசி வைத்திருந்தார்களாம். நேப்பர்வில்லிலிருந்து ரிக்ளிக்கு ஒரு மணி நேரம். நீங்கள் சுவரின் படத்தைக் காசு கொடுத்து வாங்கிச் சட்டம் போட்டிருக்கிறீர்கள். ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்துக்கொண்டு போய் உங்கள் அப்பா பெயரை, தமிழிலேயே, அதில் எழுதினீர்களா? எழுதியிருந்தால் குறிப்புக் கட்டத்தில் இருந்திருக்கும்.

பெற்றவருக்குத் திதி கொடுப்பதும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதும் எனக்கு ஒரே கடமையின் இரண்டு முனை. நீங்கள் இரண்டையும் விட்டுவிட்டு நடுவில் பேஸ்மென்ட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்குப் பழைய காலத்துப் புத்தி என்று சொல்லுங்கள், பரவாயில்லை. கொலு பொம்மையும் வருஷம் முழுக்கப் பெட்டியில்தான் கிடக்கிறது. ஆனால் ஒன்பது நாள் வெளியே எடுத்து வைத்து, தெருவில் போகிற பிள்ளையைக் கூப்பிட்டுச் சுண்டல் கொடுத்து ஒரு பாட்டுப் பாடச் சொல்கிறோம்.

கிராஸ்பி கதைக்கு வருகிறேன், அதைச் சொல்லித்தானே ஆசைப்படுகிறீர்கள். 1960 உலகத் தொடரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி யாங்கீஸ் அணியை 10-9 என்று வென்ற ஏழாவது ஆட்டம். கிராஸ்பி பைரேட்ஸ் அணியின் பங்குதாரர். பதற்றம் தாங்காமல் பாரிஸுக்குப் போய்விட்டார். டிவி திரையைப் படம்பிடித்து வைக்கச் சொல்லியிருந்தார். அந்த ஐந்து சுருள்கள் 2009இல் அவர் வீட்டு ஒயின் அறையில் கிடைத்தன. அன்றைக்கு டிவிக்காரர்கள் ஆட்டங்களைச் சேமித்து வைப்பதில்லை. முழு ஆட்டமும் இருந்தது அந்த ஒரு பிரதியில் மட்டும். அதனால்தான் அதற்கு மதிப்பு. உங்கள் 2016 ஆட்டத்தை லீகே டிஸ்க் போட்டு விற்றது. எல்லோரும் பத்திரப்படுத்துகிற பொருளுக்கு விலை ஏறாது. 1952இல் டாப்ஸ் கம்பெனி போட்ட, மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரரின் பட அட்டை ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்குப் போனதென்றால், அந்தக் காலத்து அம்மாக்கள் அவற்றைக் குப்பையில் போட்டதும் ஒரு காரணம். எண்பதுகளின் கடைசியில் ஆளாளுக்கு அட்டைகளைக் கவர் பிரிக்காமல் அடுக்கி வைத்தார்களே, அவற்றை இன்று சீந்துவார் இல்லை. மைதான வாசலில் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கொடுத்த தலையாட்டி பொம்மையும் அப்படித்தான்.

அருங்காட்சியகம்? கூப்பர்ஸ்டவுனில் இருக்கிற பேஸ்பால் அருங்காட்சியகத்தில் நன்கொடையாகத்தான் வாங்குகிறார்கள், அதுவும் பார்த்துப் பொறுக்கித்தான். கேட்டுப் பாருங்கள், தலையாட்டி பொம்மையை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். டேப்புகளில் ஆட்டத்தைவிட நடுவில் வந்த உள்ளூர் விளம்பரங்களும் செய்தித் துணுக்குகளும்தான் பழைய டிவி பதிவு சேகரிப்பவர்களுக்கு வேண்டும். அவர்கள் யாராவது கேட்டால் கொடுங்கள். எதுவானாலும் சீக்கிரம். பேஸ்மென்ட் ஈரத்தில் நாடாவின் பூச்சு பிசுபிசுத்து உதிரும். கடைசி வரை விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு அதைச் செய்வதை நிறுத்திவிட்டது. உங்கள் கப்ஸ் ஜெயிக்க அப்போது மூன்று மாதம்தான் பாக்கி.

மகன் பெயருக்கு எழுதிவைக்கக் கூடாது. 240 ஒளிப்பதிவுகளையும் அந்த அறையையும் காலி செய்கிற வேலையை உங்கள் காரியம் முடிந்த பதினாறாம் நாள் அந்தப் பிள்ளை தலையில் கட்டாதீர்கள்.

அவனுக்கு அருமையைப் புரியவைக்க வேண்டாம். அவன் கல்லூரிக்குக் கிளம்புவதற்குள் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், ‘அன்றைக்கு உன்னை எழுப்பியிருக்கணும்டா, எழுப்பாம விட்டுட்டேன்’ என்று சொல்லுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள், ஸ்கூல் கதை வேண்டாம். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு போனால் போகட்டும், பின்னாலேயே போகாதீர்கள். ‘என்ன நடந்துச்சு அன்னைக்கு?’ என்று கேட்டால் மட்டும் பத்தாவது இன்னிங்ஸைப் போடுங்கள், மழை நின்ற இடத்திலிருந்து. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு. கடைசி அவுட்டைப் பிடித்த அந்தோணி ரிஸ்ஸோ பந்தைப் பின் பாக்கெட்டில் செருகிக்கொண்டு ஓடுவார், அதைக் காட்டுங்கள். ஊர்வலம் முடிந்த மேடையில் அந்தப் பந்தை அவர் அணி உரிமையாளரிடம் கொடுத்துவிட்டார் என்பதையும் சொல்லுங்கள்.

‘மனைவி ஒன்றும் சொல்வதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அவரையாவது எழுப்பினீர்களா என்று குறிப்பில் இல்லை. கேட்டு எழுதுங்கள்.