அடுப்படிக்கு ஒரு நிறம்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு, வணக்கம்.

எனக்கு 54 வயது. மதுரையில் இருக்கிறோம். கணவர் சென்ற மாதம் பணி ஓய்வு பெற்றார். கைக்கு வந்த பணத்தில் அடுப்படியைச் சீர்செய்கிறோம். எட்டடிக்கு ஏழடி இருக்கும். கடப்பாக்கல் மேடை, மேற்கே ஒரே ஒரு ஜன்னல். மேடை முடிகிற மூலையில்தான் ஃபிரிட்ஜ் வைக்க முடியும். ஃபிரிட்ஜ், மிக்ஸி, கேஸ் அடுப்பு மூன்றையும் புதிதாக வாங்க வேண்டும். "உனக்குப் பிடித்த நிறத்தில் எடுத்துக்கொள்" என்று கணவர் சொல்லிவிட்டார். அன்றோடு என் தூக்கம் போனது.

மூன்று முறை கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். சின்ன அடுப்படிக்கு வெள்ளைதான் இடத்தை விசாலமாகக் காட்டும் என்கிறாள் தங்கை. இப்போது எல்லோரும் சில்வரும் கருப்பும்தான் எடுக்கிறார்கள் என்கிறாள் பெங்களூரில் இருக்கும் மருமகள். கடையில் ஓரமாக ஒரு நீல ஃபிரிட்ஜ் நின்றது. மயில்கழுத்துப் புடவையை வெயிலில் உதறினால் ஒரு நீலம் தெறிக்குமே, அந்த நீலம். கதவைத் திறந்து திறந்து மூடினேன். விற்பனைப் பையன் "பில் போடலாமா அம்மா?" என்று கேட்டதும் கண் கலங்கிவிட்டது. அப்புறம் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

என் கல்யாணத்துக்கு வந்த மிக்ஸி அப்பா எடுத்தது. ஃபிரிட்ஜ் மாமனார் எடுத்தது. கிரைண்டர், 2011-இல் அரசு தொடங்கிய விலையில்லாத் திட்டத்தில் ரேஷன் அட்டைக்கு வந்தது. நானாக வாங்கியது ஒன்றே ஒன்று. சீட்டுப் பணத்தில் ஒரு கிளிப்பச்சை ஹாட் பாக்ஸ் வாங்கினேன். "கிளிக்கூண்டு வந்துவிட்டது" என்றார் மாமியார். விருந்தாளிகள் வரும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள், கணவரும் சிரிப்பார். இருபது வருடமாக அது பரணில் கிடக்கிறது.

அக்கம்பக்கத்தாருக்குப் புடவை ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிறேன். எந்தப் புடவை வந்தாலும் அதற்கேற்ற நூற்கண்டை டப்பாவிலிருந்து நொடியில் எடுத்துவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு ஒரு ஃபிரிட்ஜுக்கு நிறம் பார்க்கத் தெரியவில்லை. என் மூளை மழுங்கிவிட்டதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை.

*

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் மூன்று தேர்வுகள் வருகின்றன. வெள்ளைக்குத் தங்கையின் காரணத்தை எழுதினீர்கள். சில்வருக்கும் கருப்புக்கும் மருமகளின் காரணத்தை எழுதினீர்கள். நீலத்துக்குக் காரணமே எழுதவில்லை. ஒரு புடவையை வெயிலில் உதறிக் காட்டிவிட்டீர்கள். உங்களுக்கு எது வேண்டும் என்று உங்களுக்கு நன்றாகவே தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லும் இடத்தில்தான் கண் கலங்குகிறது.

அந்த நூற்கண்டைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஃபால்ஸ் தைக்கிற நூல் வெளியே தெரியக் கூடாது. புடவையின் நிறத்தோடு கரைந்துவிட வேண்டும். அதுதான் தையலின் நேர்த்தி. வீட்டிலும் இத்தனை வருடம் நீங்கள் அந்த நூலாகவே இருந்திருக்கிறீர்கள். யாருக்கு எது பொருந்தும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தீர்கள். ஒரே ஒரு முறை உங்கள் நிறத்தை வெளியே காட்டினீர்கள். அதற்கு ஊரைக் கூட்டிச் சிரித்தார்கள். ஒருவர் தன் விருப்பத்தைச் சொன்னதற்காகத் திரும்பத் திரும்பக் கேலி செய்யப்பட்டால், அடுத்த முறை விருப்பம் எழும்போதே அவமானமும் கூடவே எழுந்துவிடும். கடையில் உங்களுக்கு நடந்தது இதுதான். மூளை மழுங்கவில்லை, பழைய காயம் ஒன்று இன்னும் ஆறவில்லை.

கடைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கடையில் 24 வகை ஜாம் வைத்தபோது நின்று பார்த்தவர்களில் 3 சதவீதம் பேர்தான் வாங்கினார்கள். 6 வகை மட்டும் வைத்தபோது 30 சதவீதம் பேர் வாங்கினார்கள். எல்லா இடத்திலும் இப்படியே நடப்பதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் வரிசையாக நிற்கும் ஃபிரிட்ஜுகளின் நடுவே தடுமாறுவது யாருக்கும் நேரக்கூடியது. அடுத்த முறை நீலம், வெள்ளை இரண்டை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.

தங்கை சொன்னதில் உண்மை இருக்கிறது. வெளிர்நிறம் வெளிச்சத்தைத் திருப்பித் தரும், அடர்நிறம் விழுங்கிவிடும். உங்கள் கடப்பாக்கல் மேடை ஏற்கெனவே வெளிச்சத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் சுவரையும் அலமாரிக் கதவுகளையும் வெளிர்நிறத்தில் விட்டுவிடுங்கள். மூலையில் நிற்கும் ஃபிரிட்ஜின் முகப்புதான் பெரும்பாலும் கண்ணில் படும். அந்த ஒன்று நீலமாக இருப்பதால் அடுப்படி சுருங்கிவிடாது. அடுப்பும் மிக்ஸியும் கூடவே நிறம் மாறினால்தான் நெருக்கடி. என்னைக் கேட்டால், கருப்புக் கண்ணாடி அடுப்பு வேண்டாம். காய்ந்த தண்ணீர்ச் சொட்டும் பால் பொங்கிய தடமும் அதில் அப்படியே தெரியும். நாளெல்லாம் துடைத்துக்கொண்டிருப்பது நீங்கள்தான். ஸ்டீல் அடுப்பு அதைவிடப் பொறுத்துக்கொள்ளும். மிக்ஸி வெள்ளையாக இருக்கட்டும். மஞ்சள் கறை பட்டுச் சோப்பு போட்டால் சிவக்கும், பயப்பட வேண்டாம். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது, கொஞ்சம் வெயில் காட்டினால் வெளிறிவிடும். ஆனால் மிக்ஸியை நிரந்தரமாக அந்த மேற்கு ஜன்னலோரம் வைத்துவிடாதீர்கள்; வெயிலில் வெள்ளை பிளாஸ்டிக்கே பழுப்பேறும்.

கடை விளக்கில் பார்த்த நீலம் உங்கள் வீட்டில் அதே நீலமாக இருக்காது. இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்கிற கை உங்களுடையது. அதே நிறத்தில் ஒரு மீட்டர் ரவிக்கைத் துணி எடுத்து, அந்த மூலையில் ஃபிரிட்ஜ் உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். ஒரு வாரம் இருக்கட்டும். விடிகாலையில் டியூப் லைட்டில் காபி போடும்போது பாருங்கள். மாலை நான்கு மணி வெயிலில் பாருங்கள். வீட்டில் யாரிடமும் அபிப்பிராயம் கேட்காதீர்கள். இந்த ஒரு வாரம் அதுதான் உங்கள் பயிற்சி. அவர்களாகச் சொன்னால், "பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொன்னால் போதும்.

கணவரிடம் ஒரு விஷயம் பேசியாக வேண்டும். நிறத்தைப் பற்றி வேண்டாம், கிளிக்கூண்டைப் பற்றிப் பேசுங்கள். "அன்று நீங்களும் சிரித்தீர்கள். எனக்கு வலித்தது. அதனால்தான் இப்போது கடையில் நிற்க முடியவில்லை" என்று சொல்லுங்கள். பழிபோட வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும். அவர் மறந்தே போயிருக்கலாம். "பிடித்ததை எடுத்துக்கொள்" என்று இன்று சொல்கிற மனிதர், அதைக் கேட்டுக்கொள்வார் என்று நம்புகிறேன்.

தூக்கமின்மை இரண்டு வாரங்களைத் தாண்டினாலோ, தைப்பதில்கூட மனம் ஒட்டவில்லை என்றாலோ, தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாய் நிற்கும் காலமும் தைராய்டும் தூக்கத்தைக் கெடுக்கக்கூடியவை. இரவில் மனம் கனத்தால் 14416 என்ற எண்ணை அழையுங்கள்; அது டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

அடுப்படி வேலைக்காக எப்படியும் பரணை இறக்குவீர்கள். அந்த ஹாட் பாக்ஸைக் கழுவித் துடைத்து மேடைமேல் வையுங்கள். மூடி இன்னும் இறுக்கமாக மூடுகிறதா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.