கோப்பு பகிர்வதற்காக மென்பொருள் வாங்க வேண்டுமா?

கேள்வி: என் லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஹோம் இருக்கிறது. அதில் விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) போட்டு உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஓட்டுகிறேன். இரண்டுக்கும் நடுவே கோப்புகளை மாற்ற மின்னஞ்சலைத்தான் பயன்படுத்துகிறேன். ஷேர்டு ஃபோல்டர் (இரண்டுக்கும் பொதுவான ஃபோல்டர்) வைத்துப் பார்த்தேன், திறக்க அனுமதி இல்லை என்கிறது. விண்டோஸ் ப்ரோவுக்கு மாறி, அதே வேலையைச் செய்யும் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியைப் பயன்படுத்தும்படி நண்பர் சொல்கிறார். மாறலாமா?

பதில்: இதற்காக மாற வேண்டாம். ஹோம் பதிப்பில் ஹைப்பர்-வி கிடையாது என்பது உண்மைதான். ஆனால் உங்களுக்கு வேண்டிய வசதி விர்ச்சுவல்பாக்ஸிலேயே இலவசமாக இருக்கிறது.

முதலில் உபுண்டுவுக்குள் கெஸ்ட் அடிஷன்ஸ் (விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருள்) நிறுவியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது இல்லாமல் ஷேர்டு ஃபோல்டர் வேலை செய்யாது. அனுமதி இல்லை என்று வருவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு: உபுண்டுவில் உங்கள் பயனர் பெயர் 'விபாக்ஸ்எஸ்எஃப்' (vboxsf) என்ற குழுவில் சேர்ந்திருக்காது. சேர்த்துவிட்டு உபுண்டுவை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷேர்டு ஃபோல்டர் அமைப்பில் ஆட்டோ மவுன்ட் (தானாக இணைப்பது) தேர்ந்தெடுத்திருந்தால், உபுண்டுவின் மீடியா (/media) ஃபோல்டருக்குள் 'எஸ்எஃப்' (sf_) என்று தொடங்கும் பெயரில் அந்த ஷேர்டு ஃபோல்டர் தெரியும்.

எதைப் பகிர்கிறீர்கள் என்பதில்தான் கவனம் வேண்டும். வசதியாக இருக்கிறதே என்று சி டிரைவ் முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள். உபுண்டுவுக்குள் தீங்கான நிரல் ஏதாவது புகுந்தால், எழுதும் அனுமதியோடு பகிர்ந்த எல்லாவற்றையும் அது அழிக்கலாம், பூட்டியும் வைக்கலாம். அப்படி நடந்தால் விர்ச்சுவல் மெஷினின் (உபுண்டு ஓடும் அந்த உள் கணினியின்) பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது முன்பு சேமித்து வைத்த நிலைக்கு, திரும்பினாலும் பயனில்லை; அந்தக் கோப்புகள் இருப்பது விண்டோஸில். அதனால் பகிர்வதற்கென்றே புதிதாக ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். உபுண்டு படித்தால் மட்டும் போதும் என்றால் 'ரீட்-ஒன்லி' போட்டுவிடுங்கள்.

நிரல் எழுதுபவர் என்றால் இன்னொன்று: ப்ராஜெக்ட்டை ஷேர்டு ஃபோல்டரில் வைத்தே ஓட்டாதீர்கள். சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் மெதுவாகும். சிம்பாலிக் லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) உருவாக்கவும் அங்கே இயல்பாக அனுமதி இருக்காது. உபுண்டுவுக்குள் நகலெடுத்து வேலை செய்யுங்கள்.

இத்தனைக்கும் பிறகு விர்ச்சுவல்பாக்ஸ் பிடிக்கவில்லையா? அதே வேலையைச் செய்யும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ இருக்கிறது. முன்பு அது காசுக்குத்தான் கிடைத்தது. 2024 நவம்பரிலிருந்து அலுவலகப் பயன்பாட்டுக்கும் இலவசம்.

விர்ச்சுவல்பாக்ஸின் எக்ஸ்டென்ஷன் பேக் (கூடுதல் வசதிகளுக்காகத் தனியாக நிறுவுவது) விஷயம் வேறு. சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம், நிறுவன வேலைக்கு, விர்ச்சுவல்பாக்ஸை வெளியிடும் ஆரக்கிளிடம் உரிமம் வாங்க வேண்டும். கோப்பு பகிர அது தேவையே இல்லை. அலுவலகக் கணினி என்றால் அதை நிறுவாமலே இருங்கள்.