முறிமருந்து ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் மகளின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த அன்று "எத்தனையோ படிப்பு இருக்கும்போது இவளுக்கு ஏன் விஷம்?" என்று கேட்டுவிட்டு, மேலே பேச முடியாமல் நிறுத்திவிட்டீர்கள். அன்று பாதியில் விட்டதை இங்கே முழுவதுமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்கள் பெரிய பயம். பூச்சிமருந்தையும் போரில் பயன்படுத்தும் நரம்பு நச்சையும் அவள் ஒரே மூச்சில் பேசுகிறாள், இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்கள். இரண்டும் ஒரே குடும்பம்தான். 1936இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் பூச்சிகளை ஒழிக்க மருந்து தேடிக்கொண்டிருந்தார். அந்தத் தேடலில் கிடைத்ததுதான் டாபுன். இரண்டே ஆண்டில் சாரினும் வந்தது. ஆர்கனோபாஸ்பேட் எனப்படும் இந்தக் குடும்பத்தின் ஒரு கிளை வயலுக்குப் போனது, இன்னொன்று ஆயுதக் கிடங்குக்குப் போனது.

உடம்புக்குள் இரண்டும் செய்வது ஒரே காரியம். நரம்பு, தசைக்குச் செய்தி அனுப்ப அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கிறது. செய்தி போய்ச் சேர்ந்ததும் அதைச் சிதைத்து இடத்தைக் காலி செய்ய ஒரு நொதி இருக்கிறது. அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்று பெயர். நஞ்சு அந்த நொதியில் ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடுகிறது. அப்புறம் செய்தி ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். கண்மணி ஊசிமுனை அளவு சுருங்கும், எச்சில் வழியும், நுரையீரலில் சளியும் நீரும் சேரும், தசைகள் துடித்துத் துடித்துக் கடைசியில் ஓய்ந்துபோகும். பெரும்பாலும் மூச்சு நின்றுதான் உயிர் போகிறது.

உங்கள் மகள் போக நினைப்பது, முடங்கிய நொதியை எழுப்பும் வேலைக்கு. நஞ்சு செய்யும் வேலைக்கு அல்ல.

அந்த வேலை எவ்வளவு மிச்சம் கிடக்கிறது என்று தெரிந்தால் அவள் ஏன் துடிக்கிறாள் என்பது உங்களுக்குப் புரியும். இன்றும் இந்த நச்சுக்கு முதலில் ஏற்றுவது அட்ரோபின். அது நொதியைத் தொடுவதே இல்லை. மிதமிஞ்சி வரும் செய்தியைச் சுரப்பிகளிலும் இதயத்திலும் காதில் விழாமல் செய்கிறது, அவ்வளவுதான். நொதியிலிருந்து நஞ்சைப் பிடுங்கி எடுக்க ஆக்சிம் வகை மருந்துகள் வேண்டும். அவற்றில் அதிகம் பயன்படும் பிராலிடாக்சிம் 1950களில் வந்தது. ஆனால் இதனால் மூளைக்குள் எளிதில் நுழைய முடியாது.

இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. ஒட்டிய நஞ்சு சும்மா இருப்பதில்லை. நேரம் போகப் போகத் தன் ஒரு பகுதியை உதிர்த்துவிட்டு நொதியோடு இறுகிப்போகிறது. 'முதிர்தல்' என்பார்கள். முதிர்ந்துவிட்டால் இன்று கையில் உள்ள எந்த ஆக்சிமும் பலிக்காது. அதற்கு முன் கிடைக்கும் அவகாசம் சோமான் என்ற நரம்பு நச்சுக்குச் சில நிமிடங்கள், சாரினுக்குச் சில மணி நேரம், சில பூச்சிமருந்துகளுக்கு ஒரு நாளுக்கும் மேல். முதிர்ந்த நொதியை மீட்கும் சேர்மங்களை ஆய்வகங்களில் தேடுகிறார்கள். நோயாளிக்குக் கொடுக்கும்படி எதுவும் இன்னும் வரவில்லை.

அவளுடைய நாள் எப்படிப் போகும் என்று ஒரு காட்சியாகச் சொல்கிறேன். 1961இல் எல்மன் என்பவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஒரு சோதனை இன்றும் இந்தத் துறைக்கு அன்றாடச் சோறு மாதிரி. சிறு குழியில் நொதி, அது சிதைக்க ஒரு பொருள், கூடவே நிறம் காட்டும் ஒரு வேதிப்பொருள். நொதி வேலை செய்தால் நீர் மஞ்சளாகும். நஞ்சு பட்ட நொதி என்றால் மஞ்சள் வராது. அதில் புது மருந்தைச் சேர்த்துவிட்டு, மஞ்சள் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்து இந்தத் துறைக்குப் போன மாணவி ஒருத்தி, முதல் ஆண்டில் அந்த மஞ்சளைப் பார்த்துத் துள்ளிக் குதித்திருக்கிறாள். வழிகாட்டி வந்து ஒரே கேள்வி கேட்டாராம்: "நொதியே போடாத குழியில் என்ன நிறம்?" அதுவும் மஞ்சள்தான். ஆக்சிம் அந்தச் சோதனைப் பொருளைத் தானே சிதைத்து நிறத்தைக் கொண்டுவந்திருக்கிறது. நொதி எழுந்திருக்கவே இல்லை. மூன்று வார வேலையைத் திரும்பச் செய்தாள். உங்கள் மகளைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டியது இங்கேதான். ஆசைப்பட்ட விடை கையில் கிடைத்த பிறகும் 'இது பொய்யாக இருக்குமோ' என்று சோதிக்கும் பொறுமை அவளுக்கு இருக்கிறதா? பள்ளி மதிப்பெண் இதைக் காட்டாது. வீட்டில் கூடவே இருக்கும் உங்களுக்குத்தான் தெரியும்.

ஆய்வகம் மட்டும்தான் வழி என்றும் நினைக்க வேண்டாம். என்னைக் கேட்டால், இந்தத் துறையில் மிகப் பெரிய பலன் மருத்துவமனைக் கட்டிலருகே கிடைத்திருக்கிறது. வங்கதேசத்தில் நடந்த ஓர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. அட்ரோபினை வழக்கம்போல் கொடுத்தவர்களில் 100க்கு 22 பேருக்கு மேல் இறந்தார்கள். அதையே வேகமாக இரட்டித்துக்கொண்டே போய், பிறகு சொட்டுச் சொட்டாக ஏற்றியபோது அது 8 பேராகக் குறைந்தது. புது மருந்தே இல்லை, கொடுக்கும் முறைதான் மாறியது. 1987இல் இலங்கை மருத்துவர்கள் கவனித்ததும் கட்டிலருகேதான். முதல் ஆபத்தைத் தாண்டிய நோயாளிகள் ஓரிரு நாள் கழித்துத் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் திணறினார்கள். மூச்சுத் தசையும் தளரப்போகிறது என்பதற்கு அது முன்னறிகுறி. 'இடைநிலை நோய்க்குறி' என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. பிராலிடாக்சிமையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் இந்தியாவில் நடந்த ஆய்வு பலன் உண்டு என்றது, 2009இல் இலங்கையில் நடந்த ஆய்வு பலன் தெரியவில்லை என்றது. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. மருத்துவம் படித்து அவசர சிகிச்சைக்குப் போனால் இந்தக் கேள்விகளுக்கு நேராகவே போகலாம்.

சரி, எதைப் படிப்பது? இளநிலையிலேயே 'நச்சியல்' என்று பெயர் போட்ட படிப்பைத் தேடி ஓட வேண்டாம் என்பது என் கருத்து. வேதியியல், உயிர்வேதியியல், மருந்தியல் இவற்றில் ஒன்றை ஆழமாகப் படிக்கட்டும். நச்சியலை முதுநிலையில் எடுத்துக்கொள்ளலாம். நடுவில் மனம் மாறினாலும் அடித்தளம் கையில் இருக்கும். கணினியில் பிடிப்பு இருந்தால், மருந்து மூலக்கூறு நொதிக்குள் எப்படிப் பொருந்தும் என்று கணித்துப் பார்க்கும் வேலையும் உண்டு. அதற்கு நஞ்சைக் கையால் தொட வேண்டியதே இல்லை. நொதியின் முப்பரிமாண வடிவம் 1991இலேயே, ஒரு மின்சார மீனிலிருந்து எடுத்த நொதியை வைத்து, வெளியாகிவிட்டது. அவளை அதைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். நஞ்சு ஒட்டும் இடம் ஆழமான ஒரு குறுகிய பள்ளத்தின் அடியில் இருக்கும்.

வேலை என்று பார்த்தால் பல்கலைக்கழகம், மருந்து நிறுவனம், நச்சுத் தகவல் மையம், தடயவியல் ஆய்வகம், பூச்சிமருந்துகளுக்கு அனுமதி தரும் அரசுத் துறை என்று பல வாசல்கள் உண்டு. தி ஹேக் நகரில் 1997 முதல் இயங்கும் வேதி ஆயுதத் தடை அமைப்புக்கும், அது அங்கீகரித்த ஆய்வகங்களுக்கும் வேதியியலாளர்கள் தேவை.

பாதுகாப்பு பற்றி. உண்மையான போர் நச்சுகளைக் கையாள மிகச் சில ஆய்வகங்களுக்கே அனுமதி உண்டு; ஒரு மாணவி தற்செயலாக அங்கே போய் நிற்க முடியாது. மற்ற இடங்களில் பெரும்பாலும் நச்சு குறைந்த மாற்றுச் சேர்மங்களையும் பூச்சிமருந்துகளையும் வைத்துத்தான் வேலை. ஆனாலும் பூச்சிமருந்து விளையாட்டல்ல, தோல் வழியாகவும் ஏறும். அதனால் ஆய்வகத்தைப் பார்க்கப் போகும்போது அவள் கூச்சப்படாமல் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். வேலையில் சேரும்போதே ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவை எடுத்துவைத்து, இடையிடையே ஒப்பிட்டுப் பார்க்கிறீர்களா? தனியாக இரவில் வேலை செய்ய விடுவீர்களா? அட்ரோபின் எங்கே இருக்கிறது, யார் போடுவார்? இதற்குத் தயங்குகிற, எரிச்சல்படுகிற இடம் எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. பூச்சிமருந்து நச்சோடு மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பலர் மன உளைச்சலில் தாங்களே குடித்தவர்கள். அந்த நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளை நாள்தோறும் படிப்பது இளவயது மனதை அழுத்தும். பேச ஆள் வேண்டும், அது நீங்களாகவே இருந்தால் நல்லது. இலங்கை 1995 வாக்கில் மிகக் கொடிய ரகப் பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு அங்கே தற்கொலைச் சாவுகள் பெருமளவு குறைந்தன. எந்த மருந்து எத்தனை பேரைக் கொல்கிறது என்று பொறுமையாகக் கணக்கெடுத்தவர்களின் உழைப்பும் அதில் இருக்கிறது. அவள் சோர்ந்துபோகும் நாளில் இதை நினைவுபடுத்துங்கள்.

அடுத்த முறை அவளையும் அழைத்து வாருங்கள். ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவரட்டும்: நிறைய அட்ரோபின் ஏற்றிய பிறகும் நோயாளியின் மூச்சுத் தசை ஏன் எழுவதில்லை? புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம், தன் வார்த்தையில் இருக்க வேண்டும். அவள் விடை வேதியியல் பக்கம் சாய்கிறதா, நோயாளி பக்கம் சாய்கிறதா என்று பார்த்துவிட்டு எந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பது என்று மூவருமாக உட்கார்ந்து பேசலாம்.