தங்கம் வேண்டாம், பானை ஓடு இருக்கிறதா?

கேள்வி: எங்கே அகழாய்வு நடந்தாலும் பானை ஓடு கிடைத்தது, பானை ஓடு கிடைத்தது என்றே செய்தி வருகிறது. உடைந்த பானைக்கு ஏன் சார் இத்தனை ஆர்ப்பாட்டம்? தங்கம் எதுவும் கிடைக்காதா?

பதில்: கிடைக்கும். கிடைத்தால் பத்திரிகைக்குக் கொண்டாட்டம், காலம் சொல்ல வேண்டிய ஆய்வாளருக்குத் தலைவலி. தங்கத்தை உருக்கிப் புது நகை செய்துவிடலாம், பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போகும், திருட்டும் போகும், அதனால் மண்ணுக்குள் போன காலம் வேறு, செய்த காலம் வேறாக இருக்கும். பானை அப்படியில்லை. உடைந்தால் அங்கேயே தூக்கிப் போட்டுவிட்டு வேறு பானைக்குப் போய்விடுவார்கள், ஓடோ மக்காது. அதோடு வாய் விளிம்பு, கைப்பிடி, மேல்பூச்சு எல்லாம் தலைமுறைக்குத் தலைமுறை கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வரும். எகிப்தில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்பவர் மன்னர் பெயரோ எழுத்தோ இல்லாத நூற்றுக்கணக்கான பழைய கல்லறைகளைத் தோண்டிவிட்டு, ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு அட்டைத் துண்டு போட்டு, அதில் கிடைத்த பானை வகைகளை எழுதி, சீட்டுக்கட்டு மாதிரி மாற்றி மாற்றி அடுக்கியே எது முந்தியது எது பிந்தியது என்று கண்டுபிடித்தார். 1899இல் அதை வெளியிட்டார். பழம்பொருளின் வயதை அளக்கும் கார்பன் டேட்டிங் வர இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது!

பானையின் உள்சுவர் அதில் வைத்த பாலையும் கொழுப்பையும் உறிஞ்சி வைத்திருக்கும் என்பது இன்னொரு லாபம். ஆய்வுக்கூடத்தில் அதைப் பிரித்தெடுத்துப் பார்க்கிறார்கள்.

கேள்வி: அதான் கார்பன் டேட்டிங் வந்துவிட்டதே. ஒரு கல்வெட்டை மெஷினில் வைத்தால் வயது வந்துவிடாதா? பிறகு ஏன் அறிஞர்கள் சண்டை போடுகிறார்கள்?

பதில்: கல்லுக்கு அது வேலைக்கே ஆகாது. உயிரோடு இருந்த பொருளுக்குத்தான்: மரம், எலும்பு, விதை, துணி, கரி. உயிர் போன நாளிலிருந்து உள்ளே இருக்கும் கரிமம்-14 என்ற கதிரியக்கக் கார்பன் குறைந்துகொண்டே வரும், 5,730 ஆண்டுகளில் பாதியாகும், சுமார் 50,000 ஆண்டுகள் தாண்டினால் அளக்கிற அளவுக்கு மிச்சம் இருக்காது. இந்த முறையைக் கண்டுபிடித்த வில்லார்டு லிப்பிக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது. வரும் விடையும் ஒற்றை ஆண்டு கிடையாது, இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டுக்குள் என்று ஒரு இடைவெளிதான். சண்டை பெரும்பாலும் மெஷினோடு இல்லை, மாதிரி எங்கிருந்து வந்தது என்பதில்தான். ஒரு வீட்டின் உத்தரத்தில் எடுத்த மரத்துண்டு அந்த மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லுமே தவிர வீடு கட்டிய நாளைச் சொல்லாது, இடிந்த பழைய வீட்டின் உத்தரத்தையே எடுத்துப் போட்டிருந்தால் முடிந்தது கதை. எலி வளை வழியாக மேலடுக்கு விதை கீழடுக்குக்குப் போய்விடுவதும் உண்டு. அதனால்தான் ஒரே அடுக்கில் பல மாதிரிகள், முடிந்தால் ஒரே ஆண்டில் விளைந்த தானியம், என்று கேட்கிறார்கள்.

கேள்வி: கிரேக்கக் கவி ஹோமரின் காவியத்தை நம்பியே தோண்டி டிராய் நகரைக் கண்டெடுத்த ஷ்லீமான்தானே தொல்லியலின் உண்மையான ஹீரோ?

பதில்: எனக்கு அவர்மேல் கோபம்தான் அதிகம். இன்றைய துருக்கியில் உள்ள ஹிசார்லிக் மேட்டைச் சுட்டிக் காட்டியதே அங்கே நிலம் வைத்திருந்த ஃபிராங்க் கால்வர்ட்தான். ஷ்லீமான் என்ன செய்தார்? ஹோமரின் நகரம் அடியில்தான் இருக்கும் என்று நம்பி, 1871 முதல் மேட்டின் நடுவே பெரிய பள்ளம் வெட்டிக்கொண்டு இறங்கினார். அந்த மேட்டில் ஒன்பது நகரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. 1873இல் 'டிராய் மன்னர் பிரியாமின் புதையல்' என்று தங்கத்தைத் தூக்கிக் காட்டினார், அது கீழிருந்து இரண்டாவது நகரத்தது, டிராய் போருக்குச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. அவர் தேடிய காலத்து அடுக்கில் ஒரு பகுதி, குப்பை என்று வாரிக் கொட்டிய மண்ணோடு போயிருந்தது. புதையலை எடுக்கும்போது மனைவி பக்கத்தில் நின்று சால்வையில் வாங்கிக்கொண்டார் என்று வேறு எழுதினார், அந்த அம்மாள் அப்போது ஏதென்ஸில் இருந்தார்!

கேள்வி: கல்லறையைத் திறந்தவர்களைக் கொல்லும் என்கிறார்களே, மம்மியின் சாபம் உண்மையா?

பதில்: எகிப்து மன்னர் துட்டன்காமன் கல்லறையை 1922இல் கண்டுபிடித்த ஹோவர்டு கார்ட்டர் 1939 வரை இருந்தார். சாபத்துக்கு ஞாபகமறதி போல.

கேள்வி: எல்லாம் ராஜா கதையாகவே இருக்கிறதே. சாதாரண ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அகழாய்வில் தெரியுமா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். எகிப்தில் அரச கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்களின் ஊரான டெய்ர் எல் மெதினாவில் ஒரு வருகைப் பதிவேடு கிடைத்திருக்கிறது, சுண்ணாம்புக்கல் சில்லில் எழுதியது, இரண்டாம் ராம்சேஸ் மன்னரின் 40ஆம் ஆட்சியாண்டு. யார் என்றைக்கு லீவு, ஏன் லீவு எல்லாம் அதில் உண்டு: உடம்பு சரியில்லை, கண்வலி, தேள் கொட்டியது, பீர் காய்ச்ச வேண்டியிருந்தது. பின்னால் மூன்றாம் ராம்சேஸ் காலத்தில் கூலித் தானியம் வராமல் போக, இதே ஊர்க்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து ஸ்டிரைக் செய்தார்கள்.

இன்னொன்று, மெசபொடோமியாவில் (இன்றைய ஈராக்) 'ஊர்' (Ur) என்றே பெயர் கொண்ட நகரம். சுமார் கி.மு. 1750இல் நன்னி என்பவர் ஏயா-நாசிர் என்ற செம்பு வியாபாரிக்குக் களிமண் பலகையில் எழுதிய புகார்க் கடிதம். சரக்கு மட்டம், பணத்தோடு வந்த என் ஆளை மரியாதையில்லாமல் திருப்பி அனுப்பினாய் என்று பொரிந்து தள்ளியிருக்கிறார். சரி, ஒருவர் கோபத்தில் எழுதியது என்று விட்டுவிடலாம். ஆனால் அகழாய்வில் ஏயா-நாசிருடையது என்று கருதப்படும் வீட்டிலேயே வேறு சிலரின் புகார்களும் கிடைத்தன. ஆள் வாடிக்கையாகவே அப்படித்தான் போலிருக்கிறது! அந்தப் பலகையை யாரோ திருடித் தோண்டி எடுத்து விற்றிருந்தால் கடிதம் மட்டும் மிஞ்சியிருக்கும், ஏயா-நாசிரின் குட்டு வெளிப்பட்டிருக்காது.

கேள்வி: இடம் தெரிந்தும் சிலவற்றைத் தோண்டாமல் விட்டிருக்கிறார்களே, சீனாவின் முதல் பேரரசரின் கல்லறை மாதிரி. பயமா?

பதில்: பயம்தான், ஆனால் பேய்க்கு இல்லை, காற்றுக்கு. 1974இல் கிணறு வெட்டிய விவசாயிகள் அவருடைய சுடுமண் வீரர்களைக் கண்டார்கள். அந்தச் சிலைகளில் வண்ணம் இருந்தது, வெளிக்காற்று பட்டதும் அடியிலிருந்த அரக்குப் பூச்சு சில நிமிடங்களில் சுருண்டு உரியத் தொடங்கியது. அதைப் பார்த்த பிறகு நடுக் கல்லறையில் கை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? இத்தாலியில் எரிமலையில் புதைந்த பழைய ரோமானிய நகரமான ஹெர்குலேனியத்தில், எரிமலைச் சூட்டில் கரியாகிப்போன எழுத்துச் சுருள்களை 18ஆம் நூற்றாண்டில் கையால் பிரிக்கப் போய்ப் பலதும் பொடிந்தன. பிரிக்காமல் விட்ட சுருளில், சி.டி. ஸ்கேனும் கணினியும் சேர்ந்து 2023இல் 'ஊதா' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லைப் படித்துவிட்டன. சுருள் இன்னும் மூடியபடிதான் இருக்கிறது.

கேள்வி: நிலத்தைக் கிளறும்போது பழைய பானை ஏதாவது கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: எடுக்காதீர்கள். அப்படியே போட்டோ எடுத்துவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால், தயவுசெய்து கழுவி மட்டும் வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் மண்ணில் விதை இருக்கலாம்.