சொல்பேச்சு கேளாத விரல்கள்

அன்புள்ள ஐயா,

பைக் பயணங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், குளிர்காலத்தில் வண்டி ஓட்டும் சுகத்துக்கு ஈடே இல்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. அந்த வரியோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

நான் ஷிஃப்ட் வேலை பார்ப்பவள். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பி 35 கிலோமீட்டர் போகவேண்டும். போன வாரம் ஒருநாள் 5 டிகிரி. பாதி வழியில் விரல்கள் மரத்துவிட்டன. முன்னால் போன லாரி சட்டென்று வேகம் குறைத்தது. நான் பிரேக் பிடித்தேன், பிடித்தேன் என்றுதான் நினைத்தேன். விரல்கள் லீவர் மேல் இருந்தன, மடங்கவே இல்லை. கால் பிரேக் காப்பாற்றியது. அன்றே கடைக்குப் போய் இருப்பதிலேயே தடிமனான க்ளவுஸ் வாங்கினேன். பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கூட வேலை பார்க்கும் ஒருவர், "குளிரெல்லாம் மனசுலதான், ரெண்டு வருஷத்துல பழகிடும்" என்கிறார். இன்னொருவர், 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 5 டிகிரி குளிர் மைனஸுக்குப் போய்விடும், எஞ்சினும் ரோடும்கூட உறைந்துவிடும், அதனால் மெதுவாகப் போ என்கிறார். சிக்னலில் எஞ்சின் மேல் கையை வைத்துச் சூடேற்றிக்கொள்ளலாமா என்றும் கேட்க நினைத்தேன். உங்களுக்கு இதில் அனுபவம் இருக்கும் என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

சண்டையில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். அந்த வரியை எழுதியவன் வெயில் ஏறியபிறகு பத்து மணிக்கு மேல் வண்டியை வெளியே எடுப்பவன். சுகமாகத்தான் இருக்கும்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்த இடம் அந்த லாரி. "பிடித்தேன் என்றுதான் நினைத்தேன்" என்கிறீர்கள். விரல் மரத்ததைக் காட்டிலும் என்னைப் பயமுறுத்துவது, அது மரத்திருக்கிற அளவு உங்களுக்குத் தெரியாமல் இருந்ததுதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடுகிறது. விரல் சொன்னபேச்சு கேட்க ஒரு வினாடி தாமதித்தால், லாரியின் நீளத்துக்கு மேலேயே இடம் போய்விட்டது.

எனக்கும் நடந்திருக்கிறது. பல வருஷங்களுக்கு முன், மலைப்பாதை ஒன்றில் ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு இறங்கினேன். பெட்ரோல் பங்க் ஒன்று வந்தது, நிறுத்தினேன். டேங்க் மூடியில் சாவியை நுழைக்க முடிந்தது, திருக முடியவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று சந்திக்க மறுத்தன. கடைசியில் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் சாவியை வைத்து, கும்பிடுகிற மாதிரி அழுத்தி, உடம்பையே திருப்பித்தான் திறந்தேன். ஹெல்மெட் வாரைக் கழற்றுவது நடக்கவில்லை. ஹெல்மெட்டோடேயே நின்றேன். பெட்ரோல் போட்ட பையன் எந்த ஊருக்கு என்று கேட்டான். நான் சொன்னது தாண்டி வந்த ஊரின் பெயர். அதுவும் நாக்கு குழறி. அவன் ஒன்றும் பேசாமல் என்னை உள்ளே கூட்டிப்போய் ஹீட்டர் பக்கத்தில் உட்காரவைத்தான்.

அந்த நிமிஷம்வரை நான் அற்புதமாக ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். சூடேறியபிறகு யோசித்துப் பார்த்தால், கடைசிப் பத்து கிலோமீட்டரில் ஒரு வளைவுகூட நினைவில் இல்லை.

இதனால்தான் குளிரைத் தாங்குவது, தைரியம் என்கிற பேச்சுகள் எனக்கு எரிச்சலூட்டுகின்றன. உடம்பின் உள்சூடு 37 டிகிரி. அது 35-க்குக் கீழே போனாலே மருத்துவர்கள் அதை ஆபத்து என்று வகைப்படுத்துகிறார்கள். அந்தக் கட்டத்தில் முதலில் தடுமாறுவன நுட்பமான கைவேலை, பேச்சு, நிதானம். அதாவது, "நிறுத்தலாமா வேண்டாமா" என்று தீர்மானிக்கவேண்டிய ஆள்தான் முதலில் தூங்கப்போகிறான். ஆகவே அந்தத் தீர்மானத்தை அவனிடம் விடக்கூடாது. நடுக்கம் வந்தால் நிறுத்துவது என்று கிளம்பும்போதே, வெதுவெதுப்பான அறையில் இருக்கும்போதே, முடிவுசெய்துகொள்ளுங்கள். இன்னொரு அளவுகோலும் வைத்திருக்கிறேன்: க்ளவுஸுக்குள்ளேயே கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப்பார்ப்பேன். தொட்டது தெரியவில்லை என்றால் அடுத்து வருகிற வெளிச்சத்தில் நிறுத்திவிடுவேன். தோலின் சூடு 15 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதே விரலின் லாகவம் குறையத் தொடங்கிவிடும். வலி வரட்டும் என்று காத்திருந்தால் வலியே வராமல் போகும் கட்டம் வந்துவிடும்.

தடி க்ளவுஸ் ஏன் கைகொடுக்கவில்லை என்பதற்கு வருகிறேன். உங்கள் காசு முழுக்க வீண் இல்லை, ஆனால் கை குளிர்வது கையின் குற்றம் மட்டும் இல்லை. நெஞ்சும் கழுத்தும் குளிர்ந்தால் உடம்பு ஒரு கணக்குப் போடுகிறது. இதயத்தையும் மூளையையும் காப்பாற்றவேண்டும், விரல்கள் அப்புறம். விரலுக்குப் போகும் ரத்தக்குழாய்களை இறுக்கி மூடிவிடுகிறது. க்ளவுஸ் சூடு உண்டாக்குவதில்லை, இருக்கிற சூட்டைப் பிடித்துவைக்கத்தான் செய்யும். உள்ளே ரத்தமே வராத விரலைச் சுற்றி எவ்வளவு பஞ்சு வைத்தாலும் அது குளிர்ந்த விரலைப் பத்திரப்படுத்துகிற வேலைதான். தெர்மாஸ் பிளாஸ்க்கில் ஆறிய தண்ணீரை ஊற்றிவைத்த கதை.

அதனால் முதலில் கழுத்து. ஹெல்மெட்டுக்கும் ஜாக்கெட் காலருக்கும் நடுவில் ஒரு விரற்கடை சந்து இருந்தாலும் காற்று அதன் வழியாக நெஞ்சுவரை போகும். தொங்கும் மஃப்ளர் வேண்டாம், அவிழ்ந்து சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கு உலை. குழாய் மாதிரி தலைவழியாக மாட்டுகிற கழுத்துறை நல்லது. அடுத்தது நெஞ்சு. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராக நாலு போட்டாலும், வெளியே காற்றுப் புகாத ஓர் அடுக்கு இல்லையென்றால் அத்தனையும் சல்லடைதான். நம்மைச் சூடாக வைத்திருப்பது துணி என்பதைவிடத் துணிக்குள் அசையாமல் நிற்கிற காற்று என்பதே சரி. அந்தக் காற்றை அசையவிடாமல் காப்பது வெளி அடுக்கின் வேலை. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் வீரர்கள் மலையுச்சியிலிருந்து இறங்கும்முன் செய்தித்தாளை மடித்துச் சட்டைக்குள் நெஞ்சில் செருகிக்கொள்வது வெகுகாலப் பழக்கம். நானும் செய்திருக்கிறேன். நாலு பக்கம் போதும், ஞாயிறு மலரோடு சேர்த்தால் இன்னும் விசேஷம். உடம்போடு ஒட்டுகிற துணி மட்டும் பருத்தியாக இருக்கவேண்டாம். வியர்வையைக் குடித்து ஈரத்தைத் தோலிலேயே வைத்திருக்கும். கம்பளி நல்லது.

இனி க்ளவுஸ். வாங்கியது விரலை இறுக்கிப் பிடிக்கிறதா என்று பாருங்கள். இறுகினால் உள்ளே நிற்கவேண்டிய காற்றுக்கு இடமில்லை, ரத்தமும் சரியாக ஓடாது. உள்ளங்கைப் பக்கம் எப்படியும் பஞ்சு நசுங்கிவிடும், ஹேண்டில்பாரின் இரும்பு அங்கிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எனவே காற்றைக் கைமேல் படாமல் தடுப்பதுதான் பெரிய லாபம். ஹேண்டில்பாரோடு சேர்த்துக் கட்டுகிற உறை கிடைக்கிறது. பார்க்க வண்டிக்குத் தலையணை கட்டினமாதிரி அசிங்கமாக இருக்கும். அழகுக்காக எத்தனையோ வருஷம் அதை வாங்காமல் இருந்தேன், அந்த முட்டாள்தனத்துக்கு இன்றும் வருத்தம். அதற்குள் மெல்லிய க்ளவுஸே போதும், லீவரின் உணர்வும் விட்டுப்போகாது. மாட்டியபின் கை சுலபமாக உள்ளே போய் வெளியே வருகிறதா என்று மட்டும் நின்றபடியே பழகிப்பாருங்கள். மின்சாரத்தில் சூடாகும் கைப்பிடியும் உண்டு. ஒரு ஜோடி 30, 40 வாட் இழுக்கும், சின்ன வண்டியென்றால் மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு மாட்டுங்கள். விடியற்காலையில் பேட்டரி இறங்கி நிற்பது தனித் துன்பம்.

மனசுலதான் இருக்கிறது என்கிற நண்பர் சொல்வது முழுப்பொய் இல்லை. 1930-இல் தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்து எழுதினார். பனிநீரில் விரலை வைத்தால் முதலில் ரத்தக்குழாய்கள் மூடிக்கொள்கின்றன. சில நிமிஷம் கழித்துத் தாமாகவே கொஞ்சம் திறக்கின்றன, மறுபடி மூடுகின்றன. குளிர்நீரில் ஆண்டுக்கணக்காகக் கைவிட்டு வேலைசெய்யும் மீனவர்களுக்கு அந்தத் திறப்பு மற்றவர்களைவிட நன்றாகவே நடக்கிறது. ஆனால் பழக்கத்தில் வேறொன்றும் நடக்கிறது. நடுக்கம் குறைகிறது, குளிர்கிறது என்ற புகாரும் குறைகிறது, வெளியே போகிற சூடோ போய்க்கொண்டுதான் இருக்கிறது. தீயணைப்பு மணியைக் கழற்றிவைத்துவிட்டு வீடு பத்திரமாகிவிட்டது என்பதுபோல. ரெண்டு வருஷத்தில் நீங்கள் பழகிவிடலாம். லாரி பழகாது.

இரண்டாமவர் சொன்னதில் பாதி சரி, அந்தப் பாதியும் தலைகீழாக இருக்கிறது. காற்றடித்தால் குளிர் கூடுகிறது என்பதை முதலில் எண்ணாக மாற்றியவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இருவர். அண்டார்டிகாவில் சின்னக் குப்பியில் தண்ணீர் வைத்து, எந்தக் காற்றில் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அளந்தார்கள். 1945-இல் அது வெளிவந்தது. இன்றைய சூத்திரம் 2001-இல் அமெரிக்காவும் கனடாவும் திருத்தியது. குளிர்காற்றுச் சுரங்கத்தில் ஆட்களை நடக்கவிட்டு, முகத்தில் உணரிகளை ஒட்டி அளந்து சரிபார்த்தார்கள். அதன்படி 5 டிகிரியில் 20 கிலோமீட்டர் வேகக் காற்று 1 டிகிரி போலத் தோன்றும். 40-இல் மைனஸ் 1. 60-இல் மைனஸ் 2. 80-இல் மைனஸ் 3. 100-இலும் ஏறக்குறைய அதேதான். கவனித்தீர்களா? பெரிய அடி முதல் இருபதிலேயே விழுந்துவிடுகிறது. 80-ஐ 60-ஆகக் குறைத்தால் மிச்சமாவது ஒரு டிகிரி, ஆனால் குளிரில் இருக்கிற நேரம் மூன்றில் ஒரு பங்கு கூடும். மெதுவாகப் போவதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன, இது அதில் சேராது.

எஞ்சினும் ரோடும் உறைவது இதனால் நடக்காது. அந்த மைனஸ் 3 உயிருள்ள தோல் எவ்வளவு வேகமாகச் சூட்டை இழக்கிறது என்பதைச் சொல்கிற எண். காற்று 5 டிகிரி என்றால், எவ்வளவு அடித்தாலும் வண்டியை அது 5-க்குக் கீழே கொண்டுபோகாது. ரோடு உறைவது வேறு வழியில். மேகமில்லாத ராத்திரியில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது. காற்று 3 டிகிரி இருக்கும்போதே தரை பூஜ்யத்துக்குப் போய்விடலாம். பாலங்கள் இன்னும் மோசம், கீழிருந்தும் காற்று குளிரவைக்கும். மரநிழல் விழுகிற வளைவில் பகல் வந்தபின்னும் பனிக்கட்டி கரையாமல் கிடக்கும். நீங்கள் போகும் நேரமும் வாகாக இல்லை. பொழுது விடிவதை ஒட்டித்தான் தரை மிகக் குளிர்ந்திருக்கும். ரோடு கறுப்பாக, ஈரமாகத் தெரிந்து, முன்னால் போகிற வண்டியின் டயரிலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால் அது ஈரமில்லை, ஐஸ். அந்த இடத்தில் பிரேக்கையும் தொடாதீர்கள், ஆக்சிலரேட்டரையும் முறுக்காதீர்கள், நேராக உருண்டு தாண்டிவிடுங்கள். அப்படிப்பட்ட நாளில் பஸ்ஸில் போவதில் அவமானம் எதுவுமில்லை.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. 10 டிகிரி குளிர்ந்தால் ஒன்றரை, இரண்டு பிஎஸ்ஐ காற்று தானாகக் குறைந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பரும் விறைத்திருக்கும், முதல் சில கிலோமீட்டருக்கு வளைவுகளில் சாய்க்கவேண்டாம்.

குளிரில் ஓட்டுவதைத் திருவிழாவாகக் கொண்டாடுகிறவர்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஜெர்மனியில் 1956-இல் எர்ன்ஸ்ட் லெவர்குஸ் என்ற மோட்டார் பத்திரிகையாளர் தொடங்கிய பைக்காரர்களின் கூடுகை ஒன்று, யானைச் சந்திப்பு என்று பெயர். சுன்டாப் கேஎஸ் 601 என்ற வண்டிக்குப் பச்சை யானை என்று செல்லப்பெயர், அதை வைத்திருந்தவர்கள் கூடியதால் வந்த பெயர். 1989-லிருந்து பவேரியக் காட்டுப் பகுதியில், கொட்டும் பனியில் கூடாரம் போட்டுக் கூடுகிறார்கள். ஆனால் அந்தப் பச்சை யானைகள் பெரும்பாலும் சைடுகார் பூட்டியவை. மூன்றாவது சக்கரம் இருந்தது அவர்களுக்கு. உங்களுக்கும் எனக்கும் இரண்டுதான்.

கடைசியாக எஞ்சினில் கைவைப்பது. எல்லோரும் செய்வதுதான், நானும் செய்தேன். மேலே சொன்ன ராத்திரிக்கு முந்தைய குளிர்காலத்தில், ஒரு சிக்னலில் நியூட்ரல் போட்டுவிட்டு இடதுகையை சிலிண்டர் தலைமேல் வைத்தேன். மரத்த கைக்குச் சூடும் தெரியாது. ரொம்ப நேரம் ஒன்றுமே தெரியவில்லை, முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. தீய்ந்த நாற்றம். கையை எடுத்தபோது க்ளவுஸின் மூன்று விரல்நுனிகள் எஞ்சினைக் குளிரவைக்கும் துடுப்புகளின் அச்சு பதிந்து உருகியிருந்தன. தூக்கிப்போட மனசில்லாமல் இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன். வலதுகை க்ளவுஸ் நன்றாகத்தான் இருக்கிறது.